நாலாம் மாடி அக்காவும் பச்சை அட்டையும்

துண்டைக் கையில் எடுத்ததும் அக்கா அதை மூக்கருகே கொண்டுபோகிறார். ஒரே ஒரு இழுப்பு. "இது மூணு நாளு," என்று தள்ளுவண்டியின் அடியில் தொங்கும் பைக்குள் வீசுகிறார். அடுத்த துண்டு. "இதுல தலை துவட்டியிருக்கான். டை அடிச்ச தலை." அதுவும் பைக்குள். மூன்றாவதை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார். "ஷூ தொடைச்சிருக்கான் மகராசன். தொடைச்சிட்டு எவ்வளவு அழகா மடிச்சு கம்பியில மாட்டியிருக்கான் பாருங்க. பூமியக் காப்பாத்தறானாம்."

அந்த ஹோட்டலின் குளியலறைகளில் ஓர் அறிவிப்பு உண்டு. துண்டைக் கம்பியில் மாட்டினால் நீங்கள் அதையே மறுபடியும் பயன்படுத்தச் சம்மதிக்கிறீர்கள்; தரையில் போட்டால் துவைக்கச் சொல்கிறீர்கள். பக்கத்தில், இரண்டு உள்ளங்கைகளுக்குள் உலக உருண்டை இருப்பதுபோல் ஒரு படம். படத்தை வரைந்தவர் நகங்களை மட்டும் மிகச் சுத்தமாக வரைந்திருக்கிறார். அறை துடைக்கிற கை இல்லை அது.

அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காவை ஹோட்டலில் எல்லோரும் "நாலாம் மாடி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். "நாலாம் மாடி சாப்பிட்டாச்சா?" "நாலாம் மாடிக்குக் கோபம் போல." பதினேழு வருடமாக அதே மாடி. ஒல்லியான, குள்ளமான உருவம். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். வலது முழங்கால் மடங்காது என்பதால் இடது காலை மடித்து, கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்து உட்கார்ந்துதான் மெத்தை விரிப்பைச் செருகுவார். செருகிக்கொண்டே தலையணையைத் திட்டுவார். அறைகளை அவர் மனிதர்களாகவே பாவிக்கிறார். "நானூத்தி ஒம்போதுக்குச் சளி புடிச்சிருக்கு, பேப்பர் டிஷ்யூ ரெண்டு பெட்டி காலி." "நானூத்திப் பதினாலு பொண்டாட்டிகூடச் சண்டை. சோபாவுல தலகாணி கெடக்கு." இப்படி அக்காவோடு தாழ்வாரத்தில் இரண்டு தடவை நடந்தால் போதும், மாடியின் குடும்ப விவகாரம் முழுவதும் தெரிந்துவிடும்.

என் வீட்டுக் கூரை ஒழுகி, கொத்தனார் வந்து, ஒழுகிய இடத்தை விட்டுவிட்டு ஒழுகாத இடத்தை உடைத்த காரணத்தால், மூன்று வாரம் நான் அந்த மாடியில் தங்க வேண்டியதாயிற்று. முதல் நாளே வரவேற்பறைப் பெண் சிரித்த முகத்துடன் ஒரு பச்சை அட்டையை நீட்டினாள். அதைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டால் அன்றைக்கு அறையைச் சுத்தம் செய்ய மாட்டார்கள். தண்ணீர் மிச்சம், சோப்பு மிச்சம், மின்சாரம் மிச்சம். அட்டை ஒன்றுக்கு ஒரு காபிக் கூப்பன். நான் காபிப் பைத்தியம். ஐந்து நாள் தொடர்ந்து மாட்டினேன். மாட்டும்போது மனசுக்குள் ஒரு பெருமை வேறு, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் நாள் காலை, அட்டையை மாட்டிக்கொண்டிருந்த என் முன்னால் வண்டியை நிறுத்தினார் அக்கா.

"சார், நீங்க நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

"ஏன்க்கா?"

"அஞ்சு காபி குடிச்சிருப்பீங்கல்ல? அந்த அஞ்சும் என் ரூம் சார்."

அதன்பிறகு அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. ஒரு நாளில் எட்டு அறையாவது சுத்தம் செய்தால்தான் அந்த நாள் வேலை நாளாகும். பச்சை அட்டை அதிகமாகி எட்டுக்குக் கீழே போனால், காலை பத்து மணிக்கே "இன்னிக்கு வேலை இல்ல, கெளம்புங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வந்ததும் போனதும்தான் மிச்சம். மாதத்தில் இருபத்திரண்டு நாளாவது வேலை பார்த்திருந்தால்தான் ஊழியருக்கும் அவர் வீட்டில் ஒருவருக்கும் ஹோட்டலின் வைத்திய அட்டை செல்லும். அக்கா அந்த ஒருவர் என்ற இடத்தில் எழுதியிருப்பது தன் தங்கையை. தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறாள். ஒரு மாதம் இருபத்திரண்டுக்குக் குறைந்தால் வைத்திய அட்டை ரத்தாகிவிடும். மறுபடியும் கிடைக்க மூன்று மாதம் ஆகும்.

"மூணு மாசம் அவ தாங்கமாட்டா சார்," என்றார் அக்கா, வண்டியிலிருந்த சோப்புகளை அடுக்கியபடி. "கெஸ்ட்டுகிட்டச் சொந்தக் கதை பேசக்கூடாதுன்னு எங்களுக்கு ரூலு. கோவத்துல ஒளறிட்டேன். மறந்துடுங்க."

நான் பச்சை அட்டையைக் கைப்பிடியிலிருந்து கழற்றி இரண்டாகக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீங்க, அதுக்கும் எங்களத்தான் கேப்பாங்க," என்று பிடுங்கிக்கொண்டார்.

இந்தப் பச்சை அட்டை வருவதற்கு முன் அந்த மாடிக்கு மூன்று பேர் இருந்தார்கள். இருபத்து நான்கு அறை, மூன்று பேர். அட்டை வந்தது, இரண்டு பேர் போனார்கள். மேனேஜர் என்று ஓர் இளைஞர் இருக்கிறார், டை கட்டியவர், எதைச் சொன்னாலும் "சூப்பர்" என்பார். அவர் வரவேற்பறைச் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருக்கிறார். போன வருடம் எத்தனை லிட்டர் தண்ணீரை ஹோட்டல் காப்பாற்றியது என்று அதில் போட்டிருக்கும். சட்டத்துக்கு நேர் கீழே ஒரு செயற்கை நீரூற்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நீரூற்றைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டேன். "அது ஒரு ஃபீல் சார்," என்றார். இரண்டு பேர் வயிற்றில் அடித்து மிச்சம் பிடித்த தண்ணீரைக் கல்லின்மேல் கொட்டி ஒரு ஃபீல். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி ஊற்றுக்குள் போட்டிருப்பேன், போடவில்லை. கூப்பனைக் கொடுத்துக் காபிதான் வாங்கினேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கீழே சலவை அறையில் இருப்பவர் பச்சை அட்டையைக் கும்பிடாத குறை. "துண்டு பாதியாக் கொறஞ்சிடுச்சு சார், என் முதுகு பொழைச்சுது," என்றார் என்னிடம். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவரு முதுகு பொழைக்கட்டும், நான் வேணாங்கல. துண்டத் தொவைக்கலேன்னா எனக்கென்ன? ரூமையே பூட்டிக்கிட்டா எப்படி சார்? பூமிக்கும் தரையப் பெருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? தொடப்பத்துக்கு என்ன, கரண்டா வேணும்?" என்று திருப்பிக் கேட்டார். இதை மேனேஜரிடம் கேட்டால் "சூப்பர்" என்பார்.

அட்டை மாட்டுகிறவர்களைப் பற்றி அக்காவுக்குத் தனி ஆராய்ச்சியே உண்டு. "நெசமாவே மனசறிஞ்சு மாட்டறவங்க இருக்காங்க சார், நூத்துக்கு நாலு. அவங்க ரூம்ல லைட்டு எரியாது, கொழாய் ஒழுகாது, குப்பையக்கூடப் பிரிச்சு வச்சிருப்பாங்க. அவங்க காலத் தொட்டுக் கும்பிடலாம். மீதியெல்லாம் காபி. இல்லேன்னா உள்ள எவளாச்சும் இருப்பா. இல்லேன்னா திருடன்." இப்படிச் சொல்லிவிட்டு, மூன்று நாள் அட்டை மாட்டிய அறை நான்காம் நாள் எப்படி இருக்கும் என்று விவரிப்பார். அதை இங்கே எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். மூன்று நாள் அழுக்கானாலும் கணக்கில் அது ஒரே அறைதான், அதற்கும் அதே அரை மணி நேரம்தான்.

இந்த அக்கா வீட்டில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. துணி அலசிய தண்ணீரில் தரையைத் துடைத்து, தரை துடைத்த தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றுகிறார்கள். ஹோட்டலில் கிழிந்துபோன விரிப்புகளை வெட்டித் துடைக்கும் துணியாக்கியவர் அவர்தான். யாரும் அவருக்குக் கண்ணாடிச் சட்டம் போடவில்லை.

மாதக் கடைசியில் மூன்று நாள் மாநாடு வந்தது. பூமியைக் காக்கும் மாநாடு. நாலாம் மாடியில் பெரும்பாலும் அவர்கள்தான். தலைமைப் பேச்சாளர் ஒரு பேராசிரியர், நரைத்த தாடி, தோளில் சாக்குப் பை, கனிவான குரல். ஊழியர்கள் அவருக்கு வந்த அன்றே "பூமிக்காரர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். தாழ்வாரக் கடைசி அறை அவருக்கு. வந்து இறங்கியதும் முதல் வேலையாகப் பச்சை அட்டையை மாட்டினார்.

அறைக் கதவை ஒட்டிச் சுவரில் ஒரு பொந்து இருக்கும். சாவி அட்டையை அதில் செருகினால்தான் அறைக்கு மின்சாரம். வெளியே போகும்போது உருவிக்கொண்டு போனால் எல்லாம் அணைந்துவிடும். பூமிக்காரர் சாவி அட்டையை எடுத்துக்கொண்டு, பொந்தில் ஏதோ பல்பொருள் அங்காடியின் தள்ளுபடி அட்டையைச் செருகிவிட்டுப் போனார். திரும்பி வரும்போது அறை குளுகுளுவென்று இருக்க வேண்டுமே. கூடவே ஜன்னலையும் திறந்து வைத்திருந்தார், இயற்கைக் காற்றுக்காக.

பக்கத்து அறை பால்கனியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, வெளியே பறக்கும் திரைச்சீலையையும் உள்ளே உறுமும் ஏசியையும் பார்த்தார். பணியாளர் அறையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது: வீணாவதைக் கண்டால் நிறுத்து. கண்டார், நிறுத்தினார். அறைக்குள் கால்கூட வைக்கவில்லை. தன் சாவியால் கதவைத் திறந்து, கையை மட்டும் நீட்டி, அந்தத் தள்ளுபடி அட்டையை உருவி அலமாரிமேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பதினேழு வருடத்தில் அந்த அறிவிப்பை நம்பியது அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

உள்ளே பேராசிரியரின் கணினி மின்சாரத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பேட்டரி செத்து வெகுநாளாகிறது. மாலைப் பேச்சுக்கான படங்களை அது கோத்துக்கொண்டிருந்த நேரத்தில் அணைந்துபோயிற்று. உருகும் பனிமலைகளையும் வெடித்த நிலங்களையும் காட்டாமலே அவர் அன்று பேச வேண்டியதாயிற்று. தலைப்பு, "வீணாக்காத வாழ்வு."

மறுநாள் வியாழக்கிழமை காலை வரவேற்பறையில் அக்காவை நிற்க வைத்தார்கள். நான் நாலு எட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். பச்சை அட்டை மாட்டிய அறையை விருந்தினர் வாய்விட்டுச் சம்மதிக்காமல் இனித் திறக்க மாட்டேன், சுற்றுச்சூழல் குறித்த என் அறியாமைக்கு வருந்துகிறேன் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் மூன்று நாள் வீட்டில் இருக்க வேண்டும். அந்த மாதம் அட்டைகளின் புண்ணியத்தில் நான்கு நாள் ஏற்கனவே பறிபோயிருந்தது. வெள்ளிக்கிழமை மாதக் கடைசி. வியாழனும் வெள்ளியும் சேர்ந்தால்தான் இருபத்திரண்டு.

அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். "பேனாம்மா, பேனா," என்றார் மேனேஜர். அக்கா பேனாவை வாங்கி, தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பக்கத்தில் நின்ற பேராசிரியருக்கு மனசு கேட்கவில்லை. அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், முடியவில்லை. "பயப்படாதீங்கம்மா, தப்பு யாருக்கும் வரும்," என்றார். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை ரூம் பாப்பீங்க?" என்று கேட்டார்.

"முழு நாளுன்னா பதினாலு சார்."

"பதினாலா!" பேராசிரியரின் கண் கலங்கியேவிட்டது. "இந்த முழங்காலோடவா?"

அக்கா சந்தோஷமாகச் சிரித்தார். ஒருவர் தன் முழங்காலைக் கவனித்தாரே என்ற சந்தோஷம்.

அன்று மாலை மாநாட்டு மண்டபத்திலிருந்து நீண்ட கைத்தட்டல் கேட்டது. காபிக்காகக் கீழே போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பேராசிரியர் மேடையில் அக்காவின் முழங்காலையும் பதினாலு அறையையும் சொல்லி உருகியிருக்கிறார். நாளை நம் சகோதரிக்கு நாம் ஒரு நாள் ஓய்வு தருவோம், எல்லோரும் பச்சை அட்டை மாட்டுவோம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியிருக்கிறது. நான் மேனேஜரிடம் ஓடினேன். வெள்ளிக்கிழமையை மட்டும் வேலை நாளாகப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "எட்டு ரூம் இல்லாம சிஸ்டம் எடுத்துக்காது சார். ஆனா எவ்ளோ நல்ல விஷயம் நடந்திருக்கு பாருங்க. சூப்பர்ல?" என்றார். தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா லிஃப்டிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருபத்து நான்கு கதவில் இருபத்திரண்டு பச்சை. சிலர் அட்டைமேல் இதயப் படம் வரைந்திருந்தார்கள். ஒருவர் "ஓய்வெடுங்கள் சகோதரி" என்று எழுதியிருந்தார். அக்கா தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"யாருக்கு என்ன பாவம் பண்ணினேன் சார்?" என்று என்னைக் கேட்டார்.

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்க்கா."

"வாயத் தொறக்காதீங்க. சொந்தக் கதை பேசி கெஸ்ட்டத் தொந்தரவு பண்ணினேன்னு இன்னொரு பேப்பர் நீட்டுவாங்க. சம்மதம் கேட்டாத் தொறக்கலாம்னுதான எழுதியிருக்கு? கேக்கறேன்."

முதலில் என் அறைக்கு வந்தார். அவருக்கு உதவுவதாக நினைத்து நான் விரிப்பின்மேல் காபியைக் கொட்டி, துண்டுகளையெல்லாம் தரையில் வீசி வைத்திருந்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்தார். "எதுக்கு சார் இது? அழுக்குக் கணக்கு எவன் கேட்டான்? ரூம் கணக்குதான். இப்ப இதுக்கே முக்கா மணி போச்சு," என்று என்னை முறைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கூட மாட நின்று தலையணை உறை மாட்டிக் கொடுத்தேன், அதையும் தலைகீழாக மாட்டினேன்.

இரண்டாவது, அட்டை மாட்டாத இன்னோர் அறை. அதன்பிறகு தட்டல் ஆரம்பித்தது. "குட் மார்னிங் சார், ரூம் க்ளீன் பண்ணிக்கட்டுங்களா?" கதவு திறக்கும், ஒரு புன்னகை தெரியும். "வேண்டவே வேண்டாம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க." அடுத்த கதவு. "இன்னிக்கு உங்க நாளு!" அடுத்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சாத்திக்கொண்டார் ஒருவர். ஒரு பெண் அக்காவைக் கட்டியணைத்து, ஒரு சாக்லேட்டைக் கொடுத்து, கதவை மூடினாள். இவ்வளவு அன்பை ஒரே காலையில் அந்தத் தாழ்வாரம் பார்த்திருக்காது.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும், "வாங்கக்கா, நாப்பி நாத்தம் தாங்கல," என்று அட்டையைக் கழற்றி எறிந்தாள். மூன்று. ஷூ துடைக்கிற ஆசாமி வெட்கத்தோடு விட்டான். நான்கு. குளியலறைக் கண்ணாடியை உடைத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்த ஒருவர், ஐந்து. மாநாட்டுக்காரர்களுக்குள்ளேயே இரண்டு பேர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்று கிசுகிசுத்து உள்ளே விட்டார்கள். அக்கா முழங்காலை இழுத்து இழுத்து ஓடினார். அறைக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவ்வளவு வேகத்தில் ஒரு மனுஷி வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஏழாவது அறையை முடித்துவிட்டு வெளியே வந்தபோது மணி பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. பத்து மணிக்கு மேனேஜர் மேலே வந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

மற்ற எல்லாக் கதவுகளையும் தட்டியாயிற்று. சிலர் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள், மீதிப்பேர் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கடைசி அறை மட்டும் பாக்கி. வண்டியை என் பக்கம் விட்டுவிட்டு அக்கா வெறுங்கையோடு நடந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டினார்.

பேராசிரியர் திறந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க இன்னும் போகலையா? இன்னிக்கு உங்களுக்கு லீவு கொடுத்திருக்கோமே!"

"சார், உங்க ரூம் மட்டும் பண்ணிக் குடுத்துட்டுப் போறேன் சார்."

"கூடவே கூடாது. அந்தக் காலுக்கு ரெஸ்ட் வேணும். வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோட இருங்கம்மா."

"அதுக்குத்தான் சார் கேக்கறேன். அஞ்சு நிமிஷம். சும்மா பெருக்கிட்டு வந்துடறேன்."

"பாத்தீங்களா, எவ்வளவு கடமையுணர்ச்சி!" என்றார் பேராசிரியர், தாழ்வாரத்தில் நின்ற என்னைப் பார்த்து. பிறகு ஒரு கையை நெஞ்சில் வைத்து அக்காவுக்குத் தலை வணங்கி, மறு கையால் கதவை மெதுவாகச் சாத்தத் தொடங்கினார்.

பத்தாயிற்று; லிஃப்டு மணி அடித்தது. பேராசிரியர் மூடிக்கொண்டிருந்த கதவின் இடுக்கில் அக்கா தன் வலது காலை வைத்தார்.